1884 கோல்ட் ரிவால்வரைச் சுட்டுப் பார்க்கலாமா?

கேள்வி: அரிசோனாவில் இருக்கிறேன். 1884இல் செய்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ஒன்றை ஏலத்தில் வாங்கினேன், .45 காலிபர். சிலிண்டர் நன்றாகச் சுழல்கிறது, பேரலில் துரு இல்லை. கடைத் தோட்டா போட்டு ஒரே ஒரு தடவை சுடலாமா?

பதில் 1: வேண்டாம் நண்பரே. அது கருமருந்துக் (பழைய வகை வெடிமருந்து) காலத்துத் துப்பாக்கி. இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் புகையில்லா மருந்துத் தோட்டா, அதற்கு கோல்ட் கம்பெனியே 1900 வாக்கில்தான் உத்தரவாதம் கொடுக்க ஆரம்பித்தது. .45இல் சிலிண்டர் சுவர் வேறு மெல்லியது, பிளந்தால் அதற்கு மேலே இருக்கும் சட்டப் பட்டையையும் பிய்த்துக்கொண்டு போகும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. வெளியே பளபளப்பாக இருந்தால் உள்ளே விரிசல் இல்லை என்று யார் சொன்னது?

பதில் 2: கருமருந்துத் தோட்டாவே என்றாலும் முதலில் பழைய துப்பாக்கி தெரிந்த கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) காட்டுங்கள். சிலிண்டர் அறை பேரலுக்கு நேராக நிற்காவிட்டால் குண்டின் ஈயத்தைச் சீவிப் பக்கவாட்டில் துப்பும். அப்புறம், ஆறு அறையும் நிரப்பாதீர்கள். சுத்தியலின் ஊசி தோட்டாவின் பின்புறத்திலேயே உட்காரும், கை தவறி விழுந்தால் வெடித்துவிடும். ஐந்து போதும், சுத்தியலுக்கு அடியில் காலி அறை.

பதில் 3: சுட ஆசை என்றால் இத்தாலியக் கம்பெனி உபெர்ட்டி செய்யும் இதே மாடல் நகலை வாங்குங்கள். அசல் உடைந்தால் காசும் போச்சு.

கேள்வி கேட்டவர்: சரி, சுடவில்லை. உபெர்ட்டியில் எந்த நீளப் பேரல் நல்லது?