மறு: மாசால் கெட்ட இயற்கை வளங்கள் – மதிப்பீடு, மீட்டெடுப்பு – சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். மாசால் கெட்ட இயற்கை வளங்களை மதிப்பிட்டு மீட்டெடுக்கும் துறைக்கு (ஆங்கிலத்தில் ‘நேச்சுரல் ரிசோர்ஸ் டேமேஜ் அசெஸ்மென்ட் அண்ட் ரெஸ்டோரேஷன்’) தமிழ்ப்பெயர் கேட்ட மடலில் வந்த கருத்துகளை மேற்கோளாகத் தந்து, ஒவ்வொன்றின் கீழும் என் பதிலை எழுதுகிறேன்.

> ‘இயற்கை வளச் சேத மதிப்பீடு’ என்றே வைத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். ‘சேத மதிப்பீடு’ என்றதும் வெள்ளம் வடிந்தபின் வீடு எத்தனை, பயிர் எத்தனை ஏக்கர் என்று எழுதிப் பணக்கணக்குப் போடுவதுதான் மனதில் வரும். நாம் பெயர் தேடும் துறை அங்கே நிற்பதில்லை. எண்ணெய் கொட்டிய கரையிலோ நஞ்சு படிந்த ஆற்றிலோ எந்த உயிருக்கு, எந்த நீருக்கு, எந்த மண்ணுக்கு என்ன நேர்ந்தது என்று அளக்க வேண்டும். அதற்குக் காரணம் இந்த மாசுதான் என்று நிறுவ வேண்டும். இழந்ததை இயற்கைக்கே திருப்பித் தரும்வரை வேலை முடியாது.

அமெரிக்காவில் நச்சுக்கழிவு கிடக்கும் இடங்களைத் தூய்மைப்படுத்த வந்த 1980ஆம் ஆண்டின் சூப்பர்ஃபண்ட் சட்டமும் 1990ஆம் ஆண்டின் எண்ணெய் மாசுச் சட்டமும் இத்துறையை வளர்த்தவை. அங்கே ‘இஞ்சுரி’ வேறு, ‘டேமேஜஸ்’ வேறு. வளத்தில் ஏற்பட்ட, அளந்து காட்டக்கூடிய கெடுதல் முன்னது. அதற்காக மாசுபடுத்தியவர் கொடுக்க வேண்டிய தொகை பின்னது. ‘சேதம்’ என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தால் கட்டுரையின் இரண்டாம் பத்தியிலேயே குழம்பிவிடுவோம். முன்னதற்கு ‘ஊறு’, பின்னதற்கு ஏற்கெனவே வழக்கிலுள்ள ‘இழப்பீடு’ என்பது என் பரிந்துரை.

‘சேதம்’ வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது உடைந்ததை, அழிந்ததைச் சொல்லும் சொல். ஹட்சன் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் இரண்டு ஆலைகளிலிருந்து 1977 வரை பிசிபி என்னும் நச்சு வேதிப்பொருள் அந்த ஆற்றில் கலந்தது. மீன்கள் செத்து மிதக்கவில்லை, நீந்திக்கொண்டுதான் இருந்தன. ஆனால் உண்ணத் தகாதவை ஆகிவிட்டன. 1976இல் ஆற்றின் மேற்பகுதியில் மீன்பிடிக்கவே நியூயார்க் மாநிலம் தடை விதித்தது. 1995இல் தடையைத் தளர்த்தியபோதும், பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்றார்கள். இதில் சேதமானது எது? கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் மீனை உண்ணாதீர்கள் என்று அரசு எச்சரிக்கும் நிலை வந்தாலே அது இஞ்சுரிதான் என்கின்றன மதிப்பீட்டு விதிகள். உயிரோடிருந்தும் கெட்டுப்போன இந்த நிலைக்கு ‘ஊறு’ பொருந்துகிறது.

> மீட்பு, மீளமைப்பு, சீரமைப்பு, புனரமைப்பு – எது வேண்டுமானாலும் சரிதானே?

சரியில்லை என்றே நினைக்கிறேன். சீரமைப்பும் புனரமைப்பும் சாலைக்கும் கட்டடத்துக்கும் போய்விட்டன. ‘மீட்பு’ என்றால் எண்ணெயில் நனைந்த பறவைகளைத் தூக்கிவந்து கழுவும் பணி. அதற்கு அந்தச் சொல் வேண்டும், விட்டுவைப்போம். ‘ரெஸ்டோரேஷன்’ என்பதற்கு நான் ‘மீட்டெடுப்பு’ என்கிறேன். மீள்தல், மீட்டல் என்று தன்வினையையும் பிறவினையையும் தமிழ் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. தானாகவே வளம் தேறி வருவது ‘மீட்சி’. மனிதர் முயன்று தேற்றுவது ‘மீட்டெடுப்பு’. எதுவும் செய்யாமல் இயற்கை மீட்சிக்கு விட்டுவிடலாமா என்ற கேள்வியை ஒவ்வொரு திட்டத்திலும் கேட்டாக வேண்டும். ஆகவே இந்த இரண்டு சொற்களும் ஒரே பக்கத்தில் அடிக்கடி வரும். ஒன்றின் இடத்தில் மற்றது வந்தால் பொருளே மாறிவிடும்.

அதைவிட முக்கியம், ‘மாசகற்றல்’ வேறு, ‘மீட்டெடுப்பு’ வேறு என்பது. 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறையில் மோதி ஏறத்தாழ 1.1 கோடி கேலன் கச்சா எண்ணெய் கொட்டியது. கரையைச் சுத்தம் செய்ய வெந்நீரை அழுத்தத்தோடு பீய்ச்சினார்கள். எண்ணெய் போயிற்று, ஆனால் எண்ணெய்க்குத் தப்பியிருந்த சிறு உயிர்களும் கடற்பாசிகளும் அதிலேயே மாண்டன. கரை தூய்மையாகத் தெரிந்தது, உயிர் இல்லை. இதை ‘மீட்டெடுப்பு’ என்று நாம் ஒருபோதும் எழுதிவிடக் கூடாது. மண்ணுக்கடியில் தங்கிய எண்ணெயோ பல்லாண்டு போகவில்லை. சிப்பி தேடி அந்த மண்ணைத் தோண்டும் கடல் நீர்நாய்கள் அதைத் தொட்டுக்கொண்டே இருந்தன. அவை பழைய எண்ணிக்கைக்குத் தேற ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆயிற்று.

அந்தக் கால் நூற்றாண்டையும் கணக்கில் எடுக்கிறார்கள் என்பதுதான் இத்துறையில் என் மனதைத் தொட்ட செய்தி. ஊறு நேர்ந்த நாள்முதல் வளம் முழுதாகத் தேறும் நாள்வரை இயற்கையும் மக்களும் இழப்பதை ‘இடைக்கால இழப்பு’ என்போம். அந்த வளத்தையே தேற்றுவது ‘முதன்மை மீட்டெடுப்பு’. இடைக்கால இழப்புக்கு ஈடாகப் புதிதாகச் சதுப்பு நிலமோ பறவைகளுக்குக் கூடுகட்டும் இடமோ உருவாக்கித் தருவது ‘ஈடுசெய் மீட்டெடுப்பு’. 100 ஏக்கர் சதுப்பு நிலம் ஓராண்டு பாதித்திறனோடு இருந்தால் இழப்பு 50 ஏக்கர்-ஆண்டு என்று கணக்கிட்டு, அதே அளவு பயனை வேறிடத்தில் தர வைக்கும் முறைக்கு ‘வாழிட ஈட்டுக் கணிப்பு’ பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004 ஆணையில் இவற்றையெல்லாம் ‘ரெமிடியேஷன்’ என்ற சொல்லுக்குள் அடக்கியிருக்கிறார்கள். அமெரிக்கச் சொல்வழக்கில் அதே சொல் மாசகற்றலைக் குறிக்கும். மொழிபெயர்ப்பவர்கள் மூலம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டுச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.

> பேஸ்லைன் = முன்னிலை

இதை ஏற்க இயலவில்லை. இலக்கணத்தில் முன்னிலைக்கு வேறு பொருள் உண்டு என்பது சின்னச் சிக்கல். பெரிய சிக்கல், பேஸ்லைன் என்பது ‘முன்பிருந்த நிலை’ அன்று. மாசு நேராதிருந்தால் அந்த வளம் இன்று எப்படி இருந்திருக்குமோ, அதுதான் பேஸ்லைன். 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற துளைமேடை வெடித்து, அது தோண்டிய கிணற்றிலிருந்து 87 நாள் எண்ணெய் பெருகியபோது லூசியானாவின் சதுப்பு நிலங்கள் ஊறுபட்டன. ஆனால் வெள்ளத்தடுப்புக் கரைகளாலும் வெட்டிய கால்வாய்களாலும் நிலம் தாழ்வதாலும் அவை அதற்கு முன்பே தேய்ந்துகொண்டுதான் இருந்தன. அந்தத் தேய்வுக்கு எண்ணெயைக் குற்றம் சொல்ல முடியாது, எண்ணெயால் கூடிய தேய்வை மன்னிக்கவும் முடியாது. இரண்டையும் பிரிப்பதுதான் அறிவியலாளர்களின் கடினமான வேலை. அதனால் ‘ஊறிலா நிலை’ என்கிறேன்.

முழுப் பெயர்: இயற்கை வள ஊறு மதிப்பீடும் மீட்டெடுப்பும்.

அன்புடன்.

—

அக்கா, வணக்கம். ‘ஊறு’ என்றதும் ‘சுவை ஒளி ஊறு ஓசை நாற்றம்’ என்று படித்ததுதான் எனக்கு வருகிறது. அங்கே அது தொடுவுணர்ச்சி. ஊறுதல் என்றால் நீர் சுரப்பது. ‘நிலத்தடி நீர் ஊறு’ என்று எழுதினால் ஊற்று என்றல்லவா படிப்பார்கள்? பெயரும் நீளம். மீட்டெடுப்பை விட்டுவிட்டால் சொல்ல எளிதாக இருக்கும்.

—

தம்பி, நிலத்தடி நீர் பற்றிச் சொன்னது நியாயம். அந்த இடங்களில் ‘நிலத்தடி நீருக்கு நேர்ந்த ஊறு’ என்று வேற்றுமை உருபோடு எழுதலாம், அல்லது ‘ஊறுபாடு’ என்ற நீண்ட வடிவத்தைக் கொள்ளலாம். மற்றபடி, தொடுவுணர்ச்சியைச் சொன்ன அதே குறளாசிரியர்தான் படைமாட்சியில் ‘உறுப்பமைந்து ஊறஞ்சா வெல்படை’ என்கிறார். அங்கே ஊறு என்பது போரில் படும் காயம். ‘இடையூறு’ இன்றும் எல்லோர் வாயிலும் இருக்கிறது.

பெயரைச் சுருக்குவதற்கு மட்டும் இசையமாட்டேன். டீப்வாட்டர் ஹொரைசன் வழக்கில் 2016இல் முடிவான 2,080 கோடி டாலர் தீர்வுத்தொகையில் இயற்கை வளங்களுக்கென 880 கோடி டாலர் வரை ஒதுக்கினார்கள். அந்தப் பங்கை மீட்டெடுப்புக்கே செலவிட வேண்டும், அரசின் பொதுச் செலவுக்குத் திருப்ப முடியாது. பெயரில் மீட்டெடுப்பு இல்லையென்றால் படிப்பவர் இதை அபராதம் என்றே எடுத்துக்கொள்வார். பேச்சில் ‘ஊறு மதிப்பீடு’ என்று சுருக்கிக்கொள்ளுங்கள், தலைச்சொல் முழுதாக இருக்கட்டும்.

இன்னொன்று பாக்கி. இந்த வளங்களின் சார்பில் வழக்காடும் அரசுகளையும் பழங்குடி அரசுகளையும் ‘டிரஸ்டி’ என்கிறார்கள். ‘அறங்காவலர்’ என்று எழுதினால் கோயில் நிர்வாகம் நினைவுக்கு வரும் என்று ஒருவர் தனிமடலில் தயங்கினார். தனக்கு உரிமையில்லாத சொத்தைப் பிறர்க்காகக் காப்பவர் என்ற பொருள் இங்கும் அதேதான், ஆகவே நான் அதையே வைத்திருக்கிறேன். ‘வளக்காவலர்’ நன்று என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.