ஜீவாமிர்தமா யூரியாவா: சண்டை வரும் டெலிகிராம் குழுவை நடுநிலையாக நடத்துவது எப்படி?

வரப்போரம்:
எங்களுடையது இயற்கை விவசாயம், ரசாயன உரம் இரண்டையும் பேசும் டெலிகிராம் குழு. 2,400 பேர், அட்மின்கள் நாலு பேர். ஜீவாமிர்தம் (சாணம், கோமியம் கலந்து புளிக்கவைக்கும் கரைசல்), யூரியா என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், ராத்திரிக்குள் குடுமிப்பிடிச் சண்டை. பதிவை எடுத்தால் "உண்மையைக் கேட்கப் பயமா?" என்கிறார்கள், விட்டுவைத்தால் "அட்மினும் அந்தக் கோஷ்டிதானே" என்கிறார்கள். அட்மின்களில் மூன்று பேர் இயற்கை வழிக்காரர்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எதை எடுப்பது, எதை விடுவது? அட்மினே வாதத்தில் இருந்தால் என்ன செய்வது? நாளைக்கு யாராவது கேஸ் போட்டால் அட்மின் மாட்டுவாரா?

செங்காந்தள்:
யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது அட்மின் வேலை இல்லை. எப்படிப் பேசினார்கள் என்பதை மட்டும் பாருங்கள். உங்கள் குழுவிலேயே வரக்கூடிய இரண்டு பதிவுகளை எடுத்துக்கொள்வோம்.

"யூரியா போடுறவன் எல்லாம் விஷம் விக்கிறவன்." இது ஆளைத் திட்டுவது, எடுக்கலாம்.

"பத்துக் கிலோ சாணத்துல இருக்கிற தழைச்சத்து ஒரு ஏக்கருக்கு எந்த மூலைக்கு?" நக்கல்தான், காரம்தான். ஆனால் உள்ளே ஒரு வாதம் இருக்கிறது. இதில் கை வைக்கவே கூடாது. கை வைத்தால் அன்றைக்கே உங்கள் நடுநிலை போச்சு.

இந்தச் சண்டையையே கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம், அதாவது 20 கிலோவுக்கு மேல் தழைச்சத்து (நைட்ரஜன்). ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தத்தில் போகும் பத்துக் கிலோ பச்சைச் சாணத்தில் அது 50 கிராம் அளவுக்குத்தான் வரும். எதிர்த்தரப்போ "நாங்கள் உரமாகக் கொடுக்கவில்லை, மண்ணில் நுண்ணுயிர் பெருகத்தான் கொடுக்கிறோம்" என்கிறது. ஒருவர் சத்துக் கணக்குப் பேசுகிறார், மற்றவர் மண்ணின் உயிரைப் பேசுகிறார். இரண்டு பேரும் மோதிக்கொள்வதற்கே இடமில்லை. அட்மின் இப்படி எழுதலாம்: "ஐயா, உங்கள் கேள்வி தழைச்சத்தின் அளவு பற்றியதா, மண்வளம் பற்றியதா? ஒன்றைச் சொல்லுங்கள், அதை மட்டும் பேசுவோம்." பாதிச் சண்டை அங்கேயே அடங்கும். மீதிப் பாதி வேறு ரகம், சண்டைக்காகவே வருகிறவர்கள். அவர்களுக்குத்தான் விதி.

பதிவை எடுத்தால் சத்தமில்லாமல் எடுக்காதீர்கள். எந்த விதிப்படி எடுத்தீர்கள் என்று ஒரு வரி குழுவிலேயே போடுங்கள், ஆள் பெயர் வேண்டாம்.

இரவுக்காவல்:
கருவிகளைப் பற்றி நான் சொல்கிறேன். சூடு ஏறும்போது முதலில் குழுவைப் பூட்டாதீர்கள், ஸ்லோ மோட் போடுங்கள். ஒருவர் ஒரு பதிவு போட்டபின் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டிய இடைவெளி அது. சில விநாடியிலிருந்து ஒரு மணி நேரம் வரை வைக்கலாம். 5 நிமிடம் போதும்; ஒரே ஆள் வரிசையாகப் பத்துப் பதிவு கொட்டுவது நின்றுவிடும். ஆனால் அட்மின்களை ஸ்லோ மோட் கட்டுப்படுத்தாது. வாதத்தில் இருக்கும் அட்மின் அந்த நேரத்தில் தடதடவென்று எழுதினால் எதிர்த்தரப்பு வாயைக் கட்டிப்போட்டு அடிப்பது போலத்தான் தெரியும். அதனால் ஸ்லோ மோட் போட்டவர் அந்தத் தலைப்பில் எழுதக் கூடாது என்று உங்களுக்குள் விதி வையுங்கள்.

குழுவிலிருந்து தூக்குவதற்கு முன், எழுதும் உரிமையை மட்டும் ஒரு நாள் எடுத்துப் பாருங்கள். வாசிக்க முடியும், பதில் போட முடியாது. பெரும்பாலும் இதுவே போதும்.

'ரீசன்ட் ஆக்‌ஷன்ஸ்' பட்டியலில் எடுத்த பதிவும், திருத்திய பதிவின் பழைய வாசகமும் அட்மின்களுக்குத் தெரியும். சண்டை முற்றியதும் தன் முதல் வார்த்தையைத் திருத்திவிட்டு "நான் என்ன சொன்னேன்?" என்பவர்கள் உண்டு, அவர்களுக்கு இதுதான் மருந்து. ஆனால் அது 48 மணி நேரம்தான் நிற்கும். முதலில் ஸ்கிரீன்ஷாட், பிறகு நடவடிக்கை. எச்சரிக்கையை ரோஸ் மாதிரி பாட் (தானாக இயங்கும் நிரல்) ஒன்றிடம் விட்டால் யாருக்கு எத்தனை என்று அதுவே எண்ணிக்கொள்ளும், மூன்றோடு நடவடிக்கை.

நடுவாந்தரம்:
பாட் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. பாட்டுக்கு எண்ணத்தான் தெரியும், சீண்டியது யார் என்று தெரியாது. சிரித்துக்கொண்டே குத்துகிறவர் தப்பிப்பார், பொறுக்க முடியாமல் கத்தியவர் மாட்டுவார். எச்சரிக்கைக்கு முன் குறைந்தது இருபது பதிவு மேலே போய்ப் படியுங்கள். ஒரே ஆள்மேல் பத்து நிமிடத்தில் எட்டுப் புகார் வந்தால், பெரும்பாலும் அது கோஷ்டி சேர்ந்து கொடுத்தது.

ஆனால் உள்ளடக்கத்தையே பார்க்காத விதிக்கும் ஒரு பலம் உண்டு. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் அடுத்தவர் திருத்தத்தை நீக்கிப் பழையபடி மாற்றினால் தடை விதிக்கலாம். அழிம்பு வேலையைச் சரிசெய்வது போன்ற சில விலக்குகள் தவிர, "நான் சொன்னதுதான் சரி" என்பது அங்கே எடுபடாது. பக்கத்தைப் பூட்டினால் அந்த நேரத்தில் எந்த வடிவம் இருந்ததோ அதுவே நிற்கும். தவறான வடிவத்தைப் பூட்டிவிட்டீர்கள் என்ற புலம்பல் அங்கே பழைய நகைச்சுவை. நீங்களும் ஒரு விதியை அப்படி வைக்கலாம்: ஒரே வாதத்தை மூன்று முறைக்கு மேல் ஒட்டினால் அன்றைக்கு நிறுத்தம், எந்தப் பக்கமானாலும்.

அட்மின்களில் மூன்று பேர் ஒரே பக்கம் என்றீர்களே, அதுதான் ஆணிவேர். ரசாயன உரம் பயன்படுத்தும் ஒருவரையாவது அட்மின் ஆக்குங்கள். பதிவை எடுக்கும் உரிமையும் அவருக்கு வேண்டும். பெயருக்கு அட்மின் போட்டால் இன்னும் கெட்ட பெயர்தான்.

கச்சேரிமணி:
கேஸ் பற்றி. உறுப்பினர் போட்ட பதிவுக்கு, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காகக் குழு அட்மினைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021-இல் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் அதே ஆண்டு அதே வழியில் போனது. கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் இதையே விரிவாகச் சொன்னது. மூன்றும் வாட்ஸ்அப் வழக்குகள், ஆனாலும் காரணம் டெலிகிராமுக்கும் பொருந்தும். கூட்டாகத் திட்டமிட்டாலோ, அந்தப் பதிவை நீங்களே பரப்பினாலோ கதை வேறு. சாதி சொல்லித் திட்டுவது, மிரட்டல், அடுத்தவர் போன் நம்பரை வெளியிடுவது, இந்த மூன்றுக்கும் எச்சரிக்கை எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பதிவை நீக்கி, ஆளையும் நீக்கிவிடுங்கள்.

வரப்போரம்:
எல்லாருக்கும் நன்றி. குழுவிலிருந்து தூக்கப்பட்ட ஆள் வந்து நியாயம் கேட்டால்?

செங்காந்தள்:
அவரைத் தூக்கிய அட்மின் பதில் சொல்லக் கூடாது, வேறு அட்மின் பார்க்கட்டும். மூன்று நாளுக்குள் பதில் என்று முன்கூட்டியே விதியில் எழுதிவிடுங்கள். இப்படி அனுப்பலாம்: "உங்கள் பதிவு விதி 2-இன் கீழ் (ஆளைத் தாக்குதல்) நீக்கப்பட்டது. கருத்துக்காக இல்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி சேரலாம். அதே கருத்தை ஆளைத் திட்டாமல் எழுதினால் நிற்கும்." அதற்குமேல் இன்பாக்ஸில் வாதம் வளர்க்காதீர்கள்.