ஒரு நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் த்ரெட்களை (வேலை இழைகளை) ஒன்றாகக் குறைத்தால் கிராஷ் நிற்கும். அது வைத்தியமா, மூடி மறைப்பா?

ரோஸ்ஹில்_செல்வி:
தைப்பூசம் நெருங்குது. இங்க மொரீஷியஸ்ல காவடிப் பதிவுக்கும் காணிக்கை ரசீதுக்கும் கோயிலுக்காக நான் பார்த்துக்கிற தளம், கூட்டம் சேர்ந்தா படுத்துடுது. அப்பாச்சி வெப் சர்வர், அதுல பைத்தான் நிரலைத் தனி ப்ராசஸ்ல ஓட்டுற மாட்-விஸ்கி டீமன் மோட். ப்ராசஸ் (தனி நினைவகத்தோட ஓடற நிரல்) 1, அதுக்குள்ள த்ரெட் 15. லாக்ல 'செக்மென்டேஷன் ஃபால்ட் (11)', அதாவது தப்பான நினைவகத்தைத் தொட்டு நிரல் சாகற செக்ஃபால்ட், அதுக்குப் பக்கத்துலயே 'ட்ரங்கேட்டட் ஆர் ஓவர்சைஸ்ட் ரெஸ்பான்ஸ் ஹெட்டர்ஸ்'. ஆளுக்கு 500 பிழைப் பக்கம் வருது. நான் தனியா உட்கார்ந்து எத்தனை ரசீது அடிச்சாலும் ஒழுங்கா வருது. என்ன செய்யலாம்?

எபேன்_இரவுப்பணி:
அக்கா, தனியா அடிச்சா கிராஷ் வராது, கூட்டத்துல வரும்னா அது த்ரெட் சண்டைதான். ப்ராசஸ் 6, த்ரெட் 1னு மாத்தி ரீஸ்டார்ட் பண்ணுங்க, முடிஞ்சுது. ஹெட்டர்ஸ் பத்தின அந்த வரியைப் பார்த்துப் பயப்படாதீங்க. டீமன் ப்ராசஸ் பாதியில செத்தா அப்பாச்சி அப்படித்தான் புலம்பும்.

குவாத்ர்போர்ன்_பாண்டி:
ஆல்பைன் லினக்ஸ் இமேஜா? அதுல இருக்கிற மஸ்ல்ங்கிற சி லைப்ரரி ஒரு த்ரெட்டுக்கு 128 கேபி ஸ்டாக்தான் (ஃபங்ஷன் அழைப்புகளுக்கான நினைவகம்) தரும். டெபியன் மாதிரி லினக்ஸ்ல இருக்கிற சி லைப்ரரியான ஜிலிப்ஸியில வழக்கமா 8 எம்பி. ரிகர்ஷன் (ஃபங்ஷன் தன்னையே கூப்பிடறது) ஆழமாப் போனா செக்ஃபால்ட்தான்.

ரோஸ்ஹில்_செல்வி:
இல்லை தம்பி, டெபியன்.

மொக்கா_மாமா:
ஸ்டாக் பத்தலைன்னா தனி ஆளுக்கும் விழுந்திருக்கும். அதை விடுங்க. செல்வி, எபேன் தம்பி சொன்னதை இப்பவே செய்யாதீங்க. கிராஷ் நின்னா தடயமும் போயிடும். முதல்ல, சாகும்போது எந்த வரியில நின்னுதுன்னு எழுதற ஃபால்ட்ஹேண்ட்லரை ஆன் பண்ணுங்க, பைத்தான்லயே இருக்கு. கோர் டம்ப் (செத்த நொடியில நினைவகத்தோட நகல்) எழுத வழி பண்ணி, ஜிடிபி டீபக்கர்ல 'த்ரெட் அப்ளை ஆல் பிடி' கொடுத்து வர்றதை இங்க போடுங்க. செத்த த்ரெட்டை மட்டும் பார்த்தா பாதிக் கதைதான் தெரியும். அந்த நொடியில மத்த 14 பேரும் என்ன பண்ணிட்டிருந்தாங்கன்னு பார்க்கணும்.

எபேன்_இரவுப்பணி:
மாமா, பதிவு வெள்ளிக்கிழமை திறக்குது. பிரேதப் பரிசோதனைக்கு நேரம் எங்க இருக்கு?

ரோஸ்ஹில்_செல்வி:
டம்ப் கிடைச்சுது. செத்தது ரசீது பிடிஎஃப் போடற சி லைப்ரரிக்குள்ள: லோக்கேலை, அதாவது மொழிக்கேத்த எண், தேதி வடிவ அமைப்பை, மாத்துற செட்லோக்கேல், அதுக்கு மேல ரெண்டு சொல்லை ஒப்பிடற ஸ்ட்ர்கம்ப். இன்னொரு த்ரெட்டும் அதே நேரத்துல செட்லோக்கேல்லதான் நிக்குது. இன்னொண்ணும் சொல்லணும். போன வாரம் காணிக்கை 1250.50 ரூபாய் கட்டின ஒருத்தருக்கு ரசீதுல 1250.00ன்னு வந்திருக்கு. அதை வேற பக்னு நினைச்சு ஒதுக்கி வெச்சிருந்தேன்.

மொக்கா_மாமா:
ரெண்டும் ஒண்ணுதான்! உங்க ரசீது மூணு மொழியில வருதில்லையா? பிரெஞ்சு ரசீதுன்னா பைத்தான்ல லோக்கேலை பிரெஞ்சுக்கு மாத்துறீங்க. அங்க தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளி. ஆனா பிடிஎஃப் கோப்புக்குள்ள எண்கள் புள்ளியோடதான் இருக்கணும். அதனால அந்த லைப்ரரி என்ன பண்ணுது? இப்ப இருக்கிற லோக்கேல் பேரைக் கேட்டு ஒரு பாயின்டர்ல (நினைவக முகவரியில) வெச்சுக்குது, தசமப் புள்ளி இருக்கிற 'சி' லோக்கேலுக்கு மாறுது, வேலை முடிஞ்சதும் பழைய பேரைக் கொடுத்துத் திரும்புது. ஒரே த்ரெட்டா இருந்தாக்கூட அந்தப் பேரை நகல் எடுத்து வெச்சுக்காதது தப்பு. ஒரு நேரத்துல ஒரு த்ரெட்டை மட்டும் பைத்தான்ல ஓடவிடற ஜிஐஎல் பூட்டை வேற, பிடிஎஃப் எழுதும்போது அது விட்டுடுது போல. ரெண்டு ரசீது ஒண்ணா ஓடினா, ஒரு த்ரெட் செட்லோக்கேல் கூப்பிட்டதும் ஜிலிப்ஸி பழைய பேரோட நினைவகத்தை ஃப்ரீ பண்ணிடும். மத்த த்ரெட் கையில இருக்கிற பாயின்டர் அந்தரத்துல தொங்கும். அதைக் கொண்டுபோய் ஸ்ட்ர்கம்ப்ல கொடுத்தா வேறென்ன நடக்கும்?

செட்லோக்கேல் மாத்துற லோக்கேல் ப்ராசஸ் முழுக்க ஒண்ணுதான், த்ரெட்டுக்கு ஒண்ணு கிடையாது. பைத்தான் ஆவணத்துலயே செட்லோக்கேல் பெரும்பாலான சிஸ்டத்துல த்ரெட்-சேஃப் இல்லைன்னு எழுதியிருக்கு. யாரு படிக்கிறா?

அம்பது சதம் காணாமப்போன கதையும் இதுதான். பிரெஞ்சு லோக்கேல் இருக்கிற நேரத்துல அந்த லைப்ரரி, எழுத்தை எண்ணா மாத்துற ஸ்ட்ர்டாட் வெச்சு '1250.50'ஐப் படிச்சா, புள்ளியைப் பார்த்ததும் நின்னுடும். கைக்கு வர்றது 1250. என்னைக் கேட்டா கிராஷே தேவலை, சத்தம் போட்டுச் சாகுது. இது சத்தமே இல்லாம கோயில் கணக்கைக் கெடுக்குது.

எபேன்_இரவுப்பணி:
அருமையான விளக்கம். ஆனா நீங்களே என் பக்கம் பேசிட்டீங்க மாமா. லோக்கேல் ப்ராசஸுக்கு ஒண்ணுன்னா, ஒரு ப்ராசஸ்ல ஒரே த்ரெட் ஓடினா சண்டைக்கு ஆளே இல்லையே.

மொக்கா_மாமா:
சண்டை நிக்கும், கறை போகாது. பிரெஞ்சு ரசீது போட்ட ப்ராசஸ் எக்செப்ஷன் ஏதாவது வந்து லோக்கேலைத் திருப்பி வைக்காம விட்டா, அதே ப்ராசஸுக்கு அடுத்து வர்ற இங்கிலீஷ் ரசீதும் பிரெஞ்சுலயே ஓடும். சதம் திரும்பவும் போகும். இந்தத் தடவை செக்ஃபால்ட்டும் வராது, யாருக்கும் தெரியவும் தெரியாது.

அப்புறம், பணம் கட்டும்போது பேங்க் பதிலுக்குக் காத்திருக்கணும். ஆறே ப்ராசஸ், ஆளுக்கு ஒரு த்ரெட்னா, ஆறு பேர் பேங்குக்காக நின்னா ஏழாவது ஆளுக்குப் பதிவுப் பக்கம்கூடத் திறக்காது. த்ரெட் வெச்சதே இந்த மாதிரி காத்திருப்புக்குத்தான்.

எபேன்_இரவுப்பணி:
அப்போ ப்ராசஸைக் கூட்டுங்க.

ரோஸ்ஹில்_செல்வி:
சர்வர்ல மொத்தம் 2 ஜிபிதான் தம்பி. ஒரு ப்ராசஸ் 180 எம்பி தின்னுது. போஸ்ட்கிரே டேட்டாபேஸும் அதே பெட்டியிலதான்.

குவாத்ர்போர்ன்_பாண்டி:
ரெண்டு பேரும் ஏன் முழு தளத்தையும் இழுக்கிறீங்க? மாட்-விஸ்கில டீமன் குழுவைப் பிரிக்கலாமே. ரசீது முகவரிக்கு மட்டும் தனி ப்ராசஸ் குரூப், ப்ராசஸ் 2, த்ரெட் 1. மத்ததெல்லாம் பழைய 15 த்ரெட்லயே ஓடட்டும்.

எபேன்_இரவுப்பணி:
இது ஓகே. நான் சொன்னதோட சின்ன வடிவம்தான்.

மொக்கா_மாமா:
இதை நானும் ஒத்துக்கிறேன், ஆனா லோக்கேலை மாத்துற வரியைத் தூக்கினா மட்டும். தொகையையும் தேதியையும் பிரெஞ்சுல காட்ட பேபல் லைப்ரரி போதும், அது ப்ராசஸ் லோக்கேலைத் தொடவே தொடாது. லைப்ரரி எழுதினவங்களுக்கும் எழுதுங்க: செட்லோக்கேலை விட்டுட்டு நியூலோக்கேல், யூஸ்லோக்கேல்னு த்ரெட்டுக்குத் தனியா இருக்கிறதுக்கு மாறச் சொல்லி. போசிக்ஸ் 2008 தரநிலையிலயே வந்தாச்சு.

ரோஸ்ஹில்_செல்வி:
குழுவைப் பிரிச்சாச்சு, நேத்து ராத்திரிலேருந்து செக்ஃபால்ட் இல்லை. பேபலுக்கு இன்னிக்கு மாத்துறேன். பழைய ரசீதையெல்லாம் பேங்க் கணக்கோட ஒப்பிட்டுப் பார்க்கணும், அதுதான் பெரிய வேலையா இருக்கப்போகுது.

மொக்கா_மாமா:
சதம் இருக்கிற தொகையை மட்டும் வடிகட்டுங்க, சீக்கிரம் முடியும். பேபல் மாத்தி, லைப்ரரிலேருந்து சரியான வெர்ஷன் வந்ததும் ரசீதையும் 15 த்ரெட்டுக்கே கொண்டுவந்துடுங்க.

எபேன்_இரவுப்பணி:
தைப்பூசம் முடியறவரைக்கும் அதைத் தொடாதீங்க அக்கா. மாமா லீவுல மொக்காவுல இருப்பார், போன் வர்றது உங்களுக்குத்தான்.