திரித்துவத்தையும் ஞானஸ்நானத்தையும் எளிமையாக எழுத உதவுங்கள்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சபைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்க, நாம் எதை விசுவாசிக்கிறோம் என்பதை ஒரே பக்கத்தில் எழுதச் சொன்னார் போதகர். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

வேதம், கிருபையினாலே இரட்சிப்பு (எபேசியர் 2:8), உயிர்த்தெழுதல், இரண்டாம் வருகை எல்லாம் ஓரளவு வந்துவிட்டது. மாட்டிக்கொண்டது திரித்துவத்தில், அதாவது ஒரே தேவன் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவராய் இருக்கிறார் என்பதில். அந்தச் சொல்லே வேதாகமத்தில் இல்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லும் மத்தேயு 28:19-ஐ வைத்து எழுதினேன். படித்த என் தம்பி, "அப்போ மூணு கடவுளா?" என்றான். தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று உவமை சொன்னேன். அப்படிச் சொன்னால் ஒருவரே மூன்று வேஷம் போடுவதாக ஆகிவிடும், ஆதிச் சபையே தள்ளிய போதனை அது என்று ஒரு மூப்பர் திருத்தினார். அவர் சொன்னது நியாயம்தான்.

அப்புறம் ஞானஸ்நானம். நாங்கள் விசுவாசித்தவர்களுக்கு மட்டுமே, தண்ணீரில் முழுக்கி ஞானஸ்நானம் கொடுக்கிறோம். ஆனால் குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்று, வேறு சபைகளிலிருந்து வந்தவர்களும் எங்களோடு இருக்கிறார்கள். அவர்கள் மனம் நோகாமல் எப்படி எழுதுவது? விசுவாசத்தைச் சுருக்கிச் சொல்லும் பழைய அறிக்கையான அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைப் போன்ற இன்னொரு அறிக்கையான நிசேயா பிரமாணம் ஒரே ஞானஸ்நானம் என்கிறது, முறையைச் சொல்வதில்லை.

உங்கள் சபையில் இப்படி ஒரு பக்கம் இருந்தால், இந்த இரண்டு பத்திகளை மட்டும் இங்கே போடுங்கள். 'நீதிமானாக்கப்படுதல்' என்பதற்கு, சபைப் பக்கமே வராதவருக்கும் புரிகிற சொல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.