புதுப்பிப்பு: புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியருக்கு யார் சொல்லித்தருவார்கள்?

கல்லூரி வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் நடத்தக் கற்றுத்தரும் இடம் உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. உண்டு, சேர்ந்தும் முடித்தாயிற்று.

முன்பு பல்கலைக்கழகங்களில் மனிதவள மேம்பாட்டு மையங்களாக இருந்தவைதான் 2023 முதல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள். சென்னைப் பல்கலை, பாரதியார், பாரதிதாசன் மூன்றிலும் இருக்கின்றன. புதியவர்களுக்கான பயிற்சியின் பெயர் ‘குரு தக்ஷதா’, சுமார் ஒரு மாதம். 2018 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறைப்படி பதவி உயர்வுக்கும் இத்தகைய பயிற்சி தேவை. பலர் அதற்காகத்தான் வருகிறார்கள், சரி.

கொள்கை விளக்க உரைகளில் எனக்குத் தூக்கம்தான் வந்தது. ஆனால் வினாத்தாள் அமைப்பது பற்றிய அமர்வு ஒன்றுக்காகவே சேரலாம். ஒவ்வொரு கேள்வியும் மனப்பாடத்தைச் சோதிக்கிறதா, கற்றதைப் பயன்படுத்தும் திறனைச் சோதிக்கிறதா என்று பக்கத்திலேயே குறிக்கச் சொன்னார்கள். எங்கள் துறையின் பழைய தாள்களை அப்படிப் பார்த்தால் பெரும்பாலும் ‘வரையறுக்க’, ‘பட்டியலிடுக’ மட்டுமே.

பொறியியல் ஆசிரியர்களுக்கு மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் ஏஐசிடிஇயின் (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) 8 பயிற்சிப் பாடத்தொகுதிகள் தனியாக உள்ளன.

அப்புறம், பயிற்சிக்குப் போகக் கல்லூரி முதல்வரின் அனுமதிக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பருவத் தேர்வு நேரத்தில் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.