முதியோர் இல்லத்தில் ஆக்சிஜன்: பார்த்ததைச் சொல்லுங்கள்

நைட் டூட்டி நர்ஸ், பெரம்பூர்
ரத்த ஆக்சிஜனைக் காட்டும் விரல் கிளிப்பில் 98 சதவீதம். எல்லாருக்கும் நிம்மதி. தாத்தாவோ எழுப்ப எழுப்பக் கண்ணை மூடிக்கொள்கிறார். பழைய சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மூச்சு வாங்குகிறதென்று ராத்திரி ஆயா நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜனை 5 ஆக்கிவிட்டார். கார்பன் டை ஆக்சைடு ஏறுவதைக் கிளிப் காட்டாது. விடிகாலைத் தலைவலி, விலகாத தூக்கக் கலக்கம், நீட்டிய கை படபடப்பது, இதெல்லாம்தான் காட்டும். இவர்களுக்கு இலக்கு 88 முதல் 92. டாக்டரைக் கூப்பிட்டு, கிளிப்பைப் பார்த்தபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். பயத்தில் டியூபையே உருவினார்கள். மளமளவென்று 80க்குக் கீழே இறங்கிவிட்டது.

சுவாச சிகிச்சை, தாம்பரம்
ஆயாவை ஏன் இழுக்கிறீர்கள்? தலைமாட்டில் இலக்கு எழுதி ஒட்டாத இடத்தில் யார் கையும் குமிழைத் திருகத்தான் செய்யும். மருந்தைப் புகையாக்கி இழுக்க வைக்கும் நெபுலைசரை ஆக்சிஜனில் ஓட்டுகிறார்களே, அதை யாரும் கேட்பதில்லை. அதுவும் 6 முதல் 8 லிட்டர்! சிஓபிடி என்றால் காற்று கம்ப்ரசரில் ஓட்டுங்கள், மூக்கில் மாட்டும் டியூபான கேனுலா பழைய அளவிலேயே இருக்கட்டும்.

வேளச்சேரிப் பக்கம் ஓர் இல்லத்தில், ஆக்சிஜனை ஈரமாக்கும் தண்ணீர் பாட்டிலான ஹியூமிடிஃபையரில் குமிழி ஜோராக வந்தது, பாட்டி மூக்கில் ஒன்றுமே இல்லை. மூடி மரை மாறி ஏறியிருந்தது. தண்ணீரைத் தாண்டியதும் காற்று அங்கேயே வெளியே போய்விட்டது. பாட்டிலுக்கு அடுத்து டியூபை மடக்கிப் பிடியுங்கள். குமிழி நின்று வால்வு விசிலடித்தால் சரி. அடங்காமல் வந்துகொண்டே இருந்தால் கசிவு.

சிலிண்டர் சப்ளை, அம்பத்தூர்
கரண்ட் போனது, காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் கான்சன்ட்ரேட்டர் மெஷின் கூவியது, பி டைப் சிலிண்டர் தயார். திறக்கிற சாவிதான் ஆபீஸ் டிராயரில், டிராயரோ பூட்டியிருந்தது.

சாவியைச் சிலிண்டர் கழுத்திலேயே சங்கிலி போட்டுக் கட்டுங்கள். கணக்கும் தெரிந்திருக்கட்டும்: 10 லிட்டர் கொள்ளளவு, 150 பார் அழுத்தம், ஆக 1500 லிட்டர். கேனுலாவில் 2 லிட்டர் ஓடினால் பன்னிரண்டரை மணி நேரம். மாஸ்க்கில் 10 லிட்டர் என்றால் இரண்டரைதான். கேஜ் 50 காட்டினால் மிச்சம் 500 லிட்டர். சாதா மாஸ்க்கை 5 லிட்டருக்குக் கீழே வைக்காதீர்கள், விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார்கள். வால்வை மெதுவாகத் திறங்கள். இறுகியிருக்கிறதே என்று எண்ணெய் விடவே கூடாது, அழுத்தத்தில் ஆக்சிஜன் பட்டால் தீப்பிடிக்கும். கசிவு பார்க்கச் சோப்புத் தண்ணீர் போதும். சிலிண்டரைச் சுவரோடு சங்கிலியில் நிறுத்துங்கள். இன்வெர்ட்டரை நம்பினால், 350 வாட் மெஷின் ஒன்றுக்கே 150 ஏஎச் பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கலாம். பழைய பேட்டரியில் அதுவும் சந்தேகம்.

பெரம்பூர் நர்ஸ் மறுபடியும்
தாம்பரம் சொன்னது சரி, இலக்கு எழுதியிருக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை சாம்பிராணியை விட்டுவிட்டீர்களே. கேனுலாவைக் கழற்றித் தலையணையில் போட்டுவிட்டு மெஷினை நிறுத்தாமல் சாப்பிடப் போவார்கள், துணியெல்லாம் ஆக்சிஜன் ஊறிக் கிடக்கும். அந்தக் கட்டிலைச் சுற்றித்தான் கங்குத் தட்டு வரும்.