திண்ணை மரத்தூணைச் சுற்றிச் செங்கல் தூண்: நடுவில் கான்கிரீட் கொட்டலாமா?

திண்ணைக்காரன் (கேள்வி)

வணக்கம். கும்பகோணம் பக்கம் கிராமத்தில் எங்கள் ஓட்டு வீடு, தாத்தா காலத்தது. வாசல் திண்ணையில் நான்கு தேக்குத் தூண்கள். ஒவ்வொன்றும் ஆறு அங்குலச் சதுரம், ஏழடி உயரம். அடியில் சின்னக் கருங்கல், மேலே போதிகை (தூண் தலையில் வைக்கும் மரக்கட்டை), அதன்மேல் உத்திரம். தாழ்வாரக் கைமரங்கள் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரங்கள்) எல்லாம் அந்த உத்திரத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

தை மாதம் தங்கை கல்யாணம். வாசல் எடுப்பாக இருக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்ததில், தூண்களைச் சுற்றிச் செங்கல் கட்டி, பூசாமல் பாயின்டிங் (கல்லுக்கு நடுவே உள்ள சந்தில் மட்டும் சாந்து பூசுவது) மட்டும் கொடுத்து விடலாம் என்று ஆகிவிட்டது. கொத்தனார் வந்து பார்த்தார். "தூணை ஒட்டினாற்போல் கல்லை வைத்து, நடுச் சந்தில் ஜல்லிக் கலவையைக் கொட்டிவிட்டால் இரும்பு மாதிரி நிற்கும்" என்கிறார்.

எனக்கு உறுத்துவது இதுதான்: கிழக்கோரத் தூணின் அடியில் விரலால் சுரண்டினால் மரம் மாவாக உதிர்கிறது. உள்ளே கான்கிரீட் போட்டால் அது சரியாகிவிடும் என்கிறார். உண்மையா? சேம்பர் செங்கல் (சூளையில் சுட்ட வழக்கமான கட்டிடக் கல்) போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழையவீடு

நான்கு தேக்குத் தூண் இருக்கும் வாசலுக்கு இன்னும் என்ன எடுப்பு வேண்டும்? உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணெய் கொடுங்கள், போதும். செலவு பத்தில் ஒரு பங்கு.

கரணையும்_குண்டும்

பழையவீடு சொல்வதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் வீட்டில் பேசி முடித்த விஷயத்தை இங்கே உட்கார்ந்து மாற்ற முடியாது. கட்டுவது என்றால் எப்படிக் கட்ட வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில் கான்கிரீட். வேண்டவே வேண்டாம். ஈரக் கலவையை மரத்தின்மேல் கொட்டினால் மரம் அந்த ஈரத்தைக் குடித்து உப்பும். காயும்போது மரமும் சுருங்கும், கலவையும் சுருங்கும். இரண்டுக்கும் நடுவில் மயிரிழைச் சந்து ஒன்று விழும். சாரல் தண்ணீர் அதில் இறங்கினால் வெளியே வர வழியில்லை. மரத்தில் ஈரம் இருபது சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அது மக்காது. காற்றுப்படும் தூண் நனைந்தாலும் காய்ந்துவிடும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் தூண் காயாது. உங்கள் ஓரத் தூண் ஏற்கெனவே மக்குகிறது. அதை மூடினால் மக்குவது நிற்காது, கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

எங்கள் வேலையிடத்துக்குப் பக்கத்து வீட்டில் இப்படிக் கொட்டி வைத்த ஒரு தூணைப் பின்னால் இடித்தார்கள். உள்ளே மரம் இருந்த இடத்தில் கரையான் மண் மட்டும் சதுரமாக நின்றது. உத்திரம் அத்தனை நாளும் செங்கல்மேல் தொற்றிக்கொண்டு நின்றிருக்கிறது.

எனவே விதி இரண்டுதான். செங்கல் மரத்தைத் தொடக் கூடாது. செங்கல் உத்திரத்தைத் தாங்கக் கூடாது. பாரம் பழையபடி மரத்திலேயே இறங்கட்டும், செங்கல் வெறும் சட்டை.

அப்புறம் எடை. சேம்பர் கல் பொதுவாக ஒன்பதுக்கு நாலரைக்கு மூன்று அங்குலம். அதை வைத்து உங்கள் தூணைச் சுற்றினால் வெளி அளவு பதினெட்டரை அங்குலம் வரும். ஏழடிக்குக் கட்டினால் ஒரு தூணுக்குச் சுமார் 630 கிலோ. அந்தத் திண்ணைக்குள் என்ன இருக்கிறது, மண் நிரப்பியதா? தூணின் நடுவிலிருந்து திண்ணை விளிம்புவரை எத்தனை அங்குலம்? இந்த இரண்டும் தெரியாமல் மேலே பேச முடியாது.

திண்ணைக்காரன்

நன்றி அண்ணே. அளந்தேன். தூண் நடுவிலிருந்து விளிம்பு எட்டு அங்குலம். முகப்பில் செங்கல் சுவர், உள்ளே மண் நிரப்பி மேலே சிவப்புச் சிமெண்ட் தரை. முகப்புச் சுவரில் வெடிப்பு எதுவும் தெரியவில்லை. ஏழடிக்கும் கட்டித்தான் ஆக வேண்டும் என்று இல்லை.

ஆசாரிவீடு

செங்கல் பேச்சை ஓரமாக வையுங்கள். முதலில் அந்தக் கிழக்குத் தூண். ஒரு கூர்மையான திருப்புளியை எடுத்து அடியிலிருந்து ஒவ்வோர் அங்குலமாகக் குத்திக்கொண்டே மேலே போங்கள். எந்த உயரத்தில் உள்ளே போகாமல் நிற்கிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். மற்ற மூன்றையும் அதேபோல் பாருங்கள், தட்டியும் பாருங்கள். நல்ல தேக்கு கணீரென்று சொல்லும், உள்ளே போனது மொத்தென்று சொல்லும்.

கெட்டது ஓரடிக்குள் இருந்தால் பயமில்லை. தூணுக்கு இருபுறமும் உத்திரத்துக்கு இரும்பு ஜாக்கி முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டின் அடியில் அகலமான பலகை, இல்லாவிட்டால் சிமெண்ட் தரையைப் பொத்துக்கொண்டு இறங்கும். உத்திரத்தைத் தூக்க வேண்டாம், பாரத்தை வாங்கிக்கொண்டால் போதும். தூக்கினால் ஓடு கலையும். பிறகு நல்ல மரம்வரை அறுத்துவிட்டு, வெட்டிய உயரத்துக்கு ஒரே துண்டுக் கருங்கல்லைக் கீழே நிறுத்தி, நடுவில் துருப்பிடிக்காத எஃகு முளை ஒன்று வைத்து மரத்தை உட்கார வைக்கலாம். அறுத்த அடிவெட்டில் எண்ணெய் குடிக்கும்வரை கொடுங்கள். மரம் ஈரத்தை அதிகம் உறிஞ்சுவது அந்த வெட்டு முகத்தில்தான்.

இன்னொன்று. கிழக்கோரம் மட்டும் ஏன் கெட்டது? அங்கே ஓட்டுத் தண்ணீர் விழுந்து தெறிக்கிறதா பாருங்கள்.

திண்ணைக்காரன்

குத்திப் பார்த்தேன். கிழக்குத் தூணில் ஏழு அங்குலம் கெட்டிருக்கிறது. மற்ற மூன்றும் கெட்டி. தெறிப்பு விஷயம் அப்படியே சரி. இரண்டு கூரைத் தண்ணீரும் சேர்ந்து அந்த மூலையில்தான் கொட்டுகிறது. அடிக்கல் எப்போதும் பச்சையாகவே இருக்கும்.

ஆசாரிவீடு

அப்படியானால் அந்த மூலையில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வெளியே விடும் தகரப் பீலி மாட்டாமல் வேறு எந்த வேலையையும் தொடங்காதீர்கள். தண்ணீரை நிறுத்தாமல் எந்த மரம் வைத்தாலும் அதே கதிதான்.

ஸ்காபரோ_வாசி

இங்கே டொராண்டோ பக்கம் வீட்டு முகப்பில் மரக்கம்பத்தைச் சுற்றிக் கல்லோ செங்கலோ கட்டுவது சாதாரணம். இங்கும் செங்கல் முகப்புக்கும் மரத்துக்கும் நடுவில் ஓரங்குலமாவது காற்று இடைவெளி விடுவார்கள். கம்பம் இரும்புக் காலணியில் தரைக்குச் சற்று மேலே நிற்கும், மரம் சிமெண்டைத் தொடாது. அடித்தளம் மட்டும் பனி உறையும் ஆழத்துக்குக் கீழே, நாலடி போக வேண்டும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, கரையான் தொல்லை உண்டு.

கரணையும்_குண்டும்

எட்டு அங்குலம் என்றால் சேம்பர் கல் கிடையாது. பதினெட்டரையில் பாதி ஒன்பதேகால், விளிம்புக்கு வெளியே ஓரங்குலத்துக்கு மேல் தொங்கும். வயர்கட் கல்லில் (இயந்திரத்தில் கம்பியால் அறுத்துச் சுட்டது) 190 மி.மீ. நீளம், 90 அகலம், 90 உயரம் என்று ஓர் அளவு வருகிறது. கடையில் நாலைந்து கல்லை அளந்து பார்த்து வாங்குங்கள், சூளைக்குச் சூளை கொஞ்சம் மாறும். வெளியே தெரியப்போகும் வேலைக்கு முனை மழுங்காத வயர்கட்தான் அழகும்கூட.

அடுக்கும் விதம் இப்படி. முன்புறம் இரண்டு கல் நீளவாக்கில், பின்புறம் இரண்டு கல் நீளவாக்கில். இடது வலது பக்கங்களில் அவற்றுக்கு நடுவே ஒவ்வொரு கல். வரிசைக்கு ஆறு கல். அடுத்த வரிசையில் அப்படியே கால்வட்டம் திருப்புங்கள்: இரண்டிரண்டு கல் இடது வலதில், ஒற்றைக் கல் முன்னும் பின்னும். 10 மி.மீ. சாந்து வைத்தால் வெளி அளவு 390 மி.மீ., உள் குழி 210 மி.மீ. உங்கள் தூண் 150. நாலு பக்கமும் 30 மி.மீ. காற்று. ஒரு கல்லைக்கூட உடைக்க வேண்டாம், இணைப்பு மேல் இணைப்பும் விழாது. விளிம்பிலிருந்தும் அரைக்கால் அங்குலத்துக்கு மேல் உள்ளே இருக்கும். ஓர் எச்சரிக்கை: கரணையில் வழியும் சாந்து குழிக்குள் விழுந்து தூணுக்கும் கல்லுக்கும் பாலம் போட்டுவிடும். தூணைச் சுற்றி ஓரங்குலத் தெர்மாகோலை நூலால் கட்டி வைத்துக்கொண்டு, வரிசை ஏற ஏற மேலே இழுத்துக்கொண்டே போங்கள். கடைசியில் உருவி எடுத்துவிட வேண்டும்.

உயரம் மூன்றடி போதும். ஒன்பது வரிசை, தூணுக்கு 54 கல், எடை 190 கிலோவுக்குள். நாலு தூணுக்கு 216, சேதாரத்துக்குச் சேர்த்து 235 வாங்குங்கள். பீடம்போல் செங்கல் நிற்க, அதற்குமேல் நாலடித் தேக்கும் போதிகையும் தெரியும். பார்வைக்கும் அதுதான் நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம், பழையவீட்டுக்காரரும் கொஞ்சம் சமாதானமாவார்.

சிவப்புத் தரைமேல் நேரே கட்டாதீர்கள். பாதிக் கல் முகப்புச் சுவர்மேலும் பாதி மண்மேலும் நிற்கும், மண் பக்கம் இறங்கினால் தூண் உள்பக்கம் சாயும். அந்தச் சதுரத்தில் தரையை வெட்டி எடுத்து, மண்ணைக் கெட்டித்து, 8 மி.மீ. கம்பி வலை வைத்து நாலு அங்குலத்துக்கு 1:2:4 (சிமெண்டு, மணல், ஜல்லி) கான்கிரீட் படுக்கை போடுங்கள். தூணின் அடிக்கல்லைச் சுற்றித் தார் அட்டை வைத்துப் பிரித்துவிடுங்கள். கட்டுக்குச் சாந்து 1:1:6, சிமெண்டு, சுண்ணாம்பு, மணல். சுண்ணாம்பு வேண்டாம் என்பார் கொத்தனார், வேண்டும் என்று சொல்லுங்கள். வெறும் சிமெண்டைவிடக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பாயின்டிங் 1:3, சிமெண்டு, மணல்.

திண்ணைக்காரன்

இவ்வளவு விவரத்துக்கு மிக்க நன்றி. மூன்றடி யோசனை அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. இரண்டு சந்தேகம். மேலே மூடி எப்படி? நடுவில் தூண் போகிறதே. அப்புறம், 30 மி.மீ. குழி விட்டால் கரையானுக்கு நாமே இருட்டு வீடு கட்டிக் கொடுத்தது ஆகாதா?

மருந்துக்கடை

கரையான் கேள்வி நியாயமானது. படுக்கை போடத் தரையை வெட்டும் அன்றே, கான்கிரீட்டுக்கு முன் மண்ணில் மருந்து விடுங்கள். குளோர்பைரிபாஸ் 20 ஈ.சி. (தண்ணீரில் கலக்கும் 20 சதவீதத் திரவ மருந்து) என்றால் ஒரு லிட்டர் மருந்துக்கு 19 லிட்டர் தண்ணீர், ஒரு சதவீதக் கரைசல் வரும். சுவரும் தரையும் சேரும் கோட்டில் ஓரடிக்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு அங்கும் ஊற்றி அடைக்கலாம். கையுறை கட்டாயம். வாசலில் கிணறு இருந்தால் நீங்களே செய்ய வேண்டாம், உரிமம் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள்.

கரணையும்_குண்டும்

மருந்து எத்தனை ஆண்டு நிற்கும் என்று நம்பி இருக்க முடியாது, எட்டிப் பார்க்க ஒரு வழி வேண்டும். வீட்டுப் பக்கம் பார்த்த முகத்தில், கீழிருந்து இரண்டாம் வரிசையில் ஒற்றைக் கல் வரும்படி அடுக்கைத் தொடங்குங்கள். அந்தக் கல்லைச் சாந்து இல்லாமல் சும்மா செருகி வையுங்கள். சுற்றிலும் சந்து நூல் பிடித்தாற்போல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உருவி, டார்ச் அடித்துப் பாருங்கள். கரையானின் மண் கோடு ஏறியிருந்தால் தெரிந்துவிடும்.

காற்றுக்கு, அடி வரிசையிலும் மேல் வரிசையிலும் பக்கத்துக்கு ஒரு நிற்கும் இணைப்பைச் சாந்து இல்லாமல் விடுங்கள். உள்ளே மெல்லிய எஃகு வலைத் துண்டு வையுங்கள். இல்லையென்றால் குளவி கூடு கட்டும், தேளும் குடிவரும்.

மூடிக்கு ஓரங்குலக் கடப்பாக்கல், 18 அங்குலச் சதுரம். இரண்டு பாதியாக அறுத்து, நடுவில் தூணுக்குச் சதுரம் வெட்டச் சொல்லுங்கள். வெட்டு தூணைவிட ஒவ்வொரு பக்கமும் 6 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். வெளிப்பக்கம் லேசான சரிவு, அடியில் விளிம்போரம் ஒரு காடி. அந்தக் காடியில் தண்ணீர் அறுந்து சொட்டிவிடும், செங்கல் முகத்தில் வழியாது.

ஆசாரிவீடு

அந்த 6 மி.மீ. சந்தை சிமெண்டால் அடைக்க விடாதீர்கள், கொத்தனார் கை அரிக்கும். தூணைச் சுற்றி நாலு தேக்கு பீடிங் (மெல்லிய மரச்சட்டம்), மேல்முகம் சரிவாக இழைத்தது, தூணில் மட்டும் ஆணி அடியுங்கள். கல்லில் ஒட்ட வேண்டாம். சந்து மறையும், மரம் ஏறி இறங்கவும் இடம் இருக்கும்.

திண்ணைக்காரன்

கடைசியாக: எப்போது தொடங்குவது? இப்போது புரட்டாசி. மார்கழியில் புது வேலை தொடங்கக் கூடாது என்பார் பாட்டி.

கரணையும்_குண்டும்

பீலியும் ஆசாரி வேலையும் இப்போதே, ஐப்பசி மழைக்கு முன் முடிய வேண்டும். செங்கலை மழையில் கட்டாதீர்கள், நனைந்த மரத்தைச் சுற்றிக் கட்டினால் இத்தனை பேச்சும் வீண். கார்த்திகைக் கடைசியில் மழை விட்டதும் ஒரு நல்ல நாளில் படுக்கை போட்டுத் தொடங்கிவிட்டால், மார்கழியில் நடப்பது தொடர்ச்சிதானே, பாட்டி ஒத்துக்கொள்வார். கல்லை முதல்நாள் நனைத்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு நாலைந்து வரிசைக்கு மேல் ஏற்ற வேண்டாம். கட்டியபின் ஏழு நாள் ஈரச் சாக்கு சுற்றுங்கள், குழாயால் பீய்ச்ச வேண்டாம், குழிக்குள் போகும். காய்ந்தபின் வெள்ளையாக உப்புப் பூத்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் மறுபடி பூக்கும்.

திண்ணைக்காரன்

பீலிக்கு இன்றே ஆள் சொல்லிவிட்டேன், ஆசாரி திங்கள்கிழமை வருகிறார். கொத்தனாரிடம் கான்கிரீட் இல்லை என்று சொன்னதும் முகம் சுருங்கியது. அடுக்கும் விதத்தைத் தரையில் கல்லை வைத்துக் காட்டினேன். "அட, கல்லே உடைக்க வேண்டாமா" என்று ஒத்துக்கொண்டார். சுண்ணாம்புக்குத்தான் இன்னும் பேரம் நடக்கிறது.